ஐந்து மணி நேரத்து ஜெர்மனி

பனியன் சாம்பிள்களைக் காட்ட அண்ணன் முதல்முறை ஜெர்மனி போனபோது டிக்கெட்டை வாங்கிப் படித்தவள் நான். பம்பாயில் இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி பிராங்க்பர்ட்டில் காலை ஏழு மணிக்கு இறங்கும் என்று போட்டிருந்தது. ஐந்தே மணி நேரம். மெட்ராஸ் பஸ்ஸே ஒன்பது மணி நேரம் உருட்டுகிறது, ஜெர்மனி அதைவிடப் பக்கம் என்று எங்கள் தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். எக்ஸ்போர்ட் ஆபீஸில் டெலக்ஸில் வெளிநாட்டுக்குச் செய்தி அடிக்கிற பெண் சொன்னால் யார் மறுப்பார்கள்? குறைகுடம் கூத்தாடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

அண்ணன் போன நாலாம் நாள் விடியற்காலையில் அப்பா மார்வலி வந்து இறந்துபோனார். பத்து மணிக்குத்தான் ஓட்டலுக்கு லைன் கிடைத்தது. அண்ணன் தூக்கக் கலக்கத்தில், இங்கே இன்னும் விடியவே இல்லையே, என்ன அவசரம் என்று கேட்டார். சொன்னேன்.

"பகல் பன்னண்டு மணி பிளேன்ல வந்தர்றேன். நான் வர்ற வரைக்கும் எடுக்க வேண்டாம்னு சொல்லு கண்ணு" என்றார்.

கொள்ளி வைக்க ஒரே மகன் அவர். எத்தனை மணிக்கு வருவான் என்று பெரியப்பா என்னைத்தான் கேட்டார். பன்னிரண்டோடு ஐந்தைக் கூட்டினேன். சாயங்காலம் பம்பாய், அங்கிருந்து கோயமுத்தூர் விமானம், ராத்திரி பத்துக்குள் வீடு என்று அடித்துச் சொன்னேன். ஐஸ் கட்டி வாங்கி வைத்தார்கள்.

மறுநாள் காலை எட்டு மணி ஆகியும் அண்ணன் வரவில்லை. பெரியப்பா மறுபடியும் என்னிடம் வந்தார். "ஏனம்முணி, இனி அடுத்த பிளேன் எப்ப?"

"பிளேன உட்டுட்டாராட்டங்க. இனி நாளைக்குத்தானுங்க" என்றேன்.

இன்னும் ஒரு நாள் வைத்திருக்க வழியில்லை. சித்தப்பா மகனைக் கொள்ளி வைக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள்.

பெண்கள் நாங்கள் வீடு கழுவிக்கொண்டிருக்கும்போது டாக்ஸி வந்து நின்றது. அண்ணன் ஸ்வெட்டரோடு இறங்கினார். ஈர வாசலையும் என் கையிலிருந்த விளக்குமாற்றையும் பார்த்தார். பையை அப்படியே போட்டுவிட்டுச் சுடுகாட்டுக்கு ஓடினார். போய்ச் சேரும்போது தீ முழுக்கப் பிடித்திருந்தது.

சாயங்காலம் அவருடைய டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். பகல் பன்னிரண்டுக்குக் கிளம்பி, பம்பாய் சேர்ந்தது நள்ளிரவு பன்னிரண்டரைக்கு. காலை விமானத்துக்கு அங்கேயே காத்திருந்திருக்கிறார். போக ஐந்து மணி, வரப் பன்னிரண்டரை மணியா? அண்ணனிடமே கேட்டேன். போனாலும் வந்தாலும் ஏறக்குறைய ஒன்பது மணிதான், டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைப் போடுவார்கள் என்றார் அண்ணன். மெட்ராஸ் பஸ் போகிற அதே ஒன்பது மணி.

"அங்க நம்மளவிட நாலரை மணி பின்னாடி. உனக்குத் தெரியாததா கண்ணு?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸ் சுவரில் இரண்டு கடிகாரங்கள் உண்டு, ஒன்று நம் நேரத்துக்கு, ஒன்று ஜெர்மனி நேரத்துக்கு. அதைப் பார்த்துத்தான் தினமும் டெலக்ஸ் அடித்தேன். இரண்டுக்கும் பேட்டரி மாற்றுகிறவளும் நான்தான்.