இரண்டு இடது இறக்கைகள்

எண்ணெய் ஊறிய ஒரு தாள் என் அலமாரியில் இருக்கிறது. பழைய உலகப் போர் விமானம் ஒன்றின் மாதிரியைக் கட்டுவதற்கான வரைபடம் அது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றின் நடுப்பக்கமாக வந்ததை மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் வாங்கியவர், ஆவடித் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த, வரைபடம் போடும் டிராப்ட்ஸ்மேன். அதில் தடவிய தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கிப் பல காலம் ஆகிவிட்டது. அலமாரியைத் திறந்தால் என் மனைவி மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். எனக்கு அந்த வாடையோடு கோபம் வருகிறது. இந்த வயதில் கோபம் ஆகாது என்கிறார் டாக்டர். அவர் எங்கள் துணை மேலாளரைப் பார்த்ததில்லை.

டிராப்ட்ஸ்மேன் திருமுல்லைவாயில்காரர். வீட்டில் எல்லோரும் ஏர் பிடித்தவர்கள். இவருக்கு மட்டும் கண் எப்போதும் மேலே. ஞாயிற்றுக்கிழமைகளில் நெமிலிச்சேரிப் பக்கம் காய்ந்து கிடந்த ஏரியில் தரையிலிருந்து ரேடியோவால் இயக்கும் சின்னச் சின்ன விமானங்களைப் பறக்கவிடுவார். நிஜப் போர் விமானத்தை உரித்து வைத்தாற்போல் பெரிதாக ஒன்று தன் கையால் தரையை விட்டு எழ வேண்டும்; அதுதான் அவர் ஆசை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதற்கு வழி பிறந்தது. ஆண்டு விழாவில் வைக்க ஒரு மாதிரி விமானம் வேண்டும் என்று துணை மேலாளருக்குத் தோன்றியது. விழா முடிந்ததும் நீங்களே பறக்கவிட்டுக்கொள்ளுங்கள் என்று டிராப்ட்ஸ்மேனிடம் வாயால் சொன்னார். நிர்வாகப் பிரிவில் தலை நரைத்தவன் நான். வாயால் சொன்னது அரசாங்கத்தில் சொன்னதாகாது என்று எச்சரித்தேன். "பெரிய மனுசன் பேச்சு மாறுவாரா அண்ணாத்தே?" என்றார். மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்த தன் சொந்த ரேடியோவையும் எஞ்சினையும் அந்த விமானத்துக்கே கொடுத்தார்.

வரைபடத்தைப் பெரிதாக்குவதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். பத்திரிகைத் தாள் முழுக்கப் பென்சிலால் சின்னக் கட்டங்கள் போட்டார். டிரேசிங் தாளில் மூன்று மடங்கு பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கோடு எங்கே நுழைகிறது, எங்கே வெளியேறுகிறது என்று பார்த்துப் பார்த்துப் புள்ளி வைத்தார். இறக்கை நுனியின் வளைவுக்கு மூங்கில் சிம்பை வளைத்து, இரண்டு பக்கமும் எடைக்கல் வைத்து, மூச்சை அடக்கிக் கோடு இழுத்தார். மரத்தின் கனத்தை மட்டும் மூன்று மடங்காக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அதையும் ஏத்தினா பிளேன் வராது, அம்மிக்கல்லுதான் வரும். அம்மி பறந்து பாத்துகீறியா?" என்றார்.

பத்திரிகையில் இடது இறக்கை மட்டும்தான் இருந்தது. இரண்டுக்கும் தாளில் இடமில்லை. வலது என்பது கண்ணாடியில் தெரியும் இடதுதானே. தாளில் எண்ணெய் தடவித் திருப்பிப் போட்டால் கோடுகள் மறுபக்கம் தெரியும். அந்தப் பக்கத்தை வைத்துக் கட்டுவது வலது இறக்கை. மாதிரி விமானம் கட்டுகிறவர்களுக்கு இது பால பாடம். பெரிதாக்கிய வரைபடத்தில் துணை மேலாளர் ஒப்புதல் முத்திரை குத்திக் கையெழுத்திட்டதும், அச்செடுத்த பிரதி ஒன்றை அப்படிச் செய்து மரப்பட்டறைக்கு அனுப்ப டிராப்ட்ஸ்மேன் அனுமதி கேட்டார். பத்திரிகைத் தாளிலேயே எண்ணெய் தடவிக் காட்டவும் செய்தார். துணை மேலாளர் கோப்புகளை எண்ணெய் படாமல் நகர்த்திக்கொண்டே பார்த்தார்.

"அப்போ என் கையெழுத்தும் திரும்பித் தெரியுமே?"

"தெரியும் சார்."

"அதெப்படிங்க ஒரு ஆபீசர் கையெழுத்தைத் திருப்பிப் போட்டு வெளியே அனுப்புறது?"

தனியாக வலது இறக்கைக்கு வரைபடம் போடலாம். ஆனால் அதற்குப் புது எண், புது ஒப்புதல் வேண்டும், அதற்கெல்லாம் நேரமில்லை என்றார் துணை மேலாளர். பிரதியைத் திருப்பிப் பார்க்கக் கூடாதென்று எந்த விதியும் இல்லை என்றேன். விதிகள் எனக்கு மனப்பாடம். திருப்பிப் பார்க்கலாம் என்று விதி இருக்கிறதா என்று கேட்டார். பிறகு வரைபடத்தின் ஓரத்தில் அவரே எழுதினார்: இறக்கை, இரண்டு. டிராப்ட்ஸ்மேன் வேலை வரைவதோடு முடிந்தது, பட்டறைப் பக்கம் போகக் கூடாது என்றும் உத்தரவு.

பட்டறையில் இரண்டு செய்தார்கள், இரண்டும் இடது. விழாவுக்கு முந்தின நாள் அவற்றைத் தூக்கிக்கொண்டு வந்த தச்சர் வாசலிலேயே சிரித்தார். "இன்னா நைனா இது, ரெண்டும் பீச்சாங்கையா கீது. உன் பிளேன் எந்தக் கையில சோறு துன்னும்?" டிராப்ட்ஸ்மேன் சிரிக்கவில்லை. ஒன்றைக் கவிழ்த்துப் பொருத்தச் சொல்லி உத்தரவு வந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாதாம். மேலே இருக்க வேண்டிய வளைவு அடியில் தொங்கியது. சிறப்பு விருந்தினர் பாராட்டினார். துணை மேலாளர் சால்வை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் டிராப்ட்ஸ்மேன் கேட்டது ஒன்றுதான்: வலது இறக்கையைத் தன் வீட்டில், தன் செலவில் கட்டி மாட்டிக்கொள்கிறேன். பதில் வந்தது. மாற்றுவதென்றால் குறை இருப்பதாக ஆகும். ஒப்புதல் பெற்ற வரைபடத்தில் குறை இருக்க முடியாது. குறை இல்லாததைப் பழுது பார்க்க இயலாது. விமானம் அரசு உடைமை. அவருடைய ரேடியோவும் எஞ்சினும் அதன் வயிற்றுக்குள். நுழைவுக் கூடத்துக் கூரையில் கம்பி கட்டித் தொங்கவிட்டார்கள். அவர் ஓய்வு பெறும்வரை தினமும் அதன் அடியில் நடந்துதான் உள்ளே போனார். முதலில் நிமிர்ந்து பார்ப்பார். பிறகு பார்ப்பதை விட்டார். ஏரிக்குப் போவதையும் விட்டார். மேலிடத்துக்கு எழுதலாம், நான் வரைவு போடுகிறேன் என்று பலமுறை சொன்னேன். "உடு அண்ணாத்தே" என்பார். அதற்காக அவர்மேலும் எனக்குக் கோபம் உண்டு.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய மனைவி இந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். விமானம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது என்று கேள்விப்பட்டு, தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அதில் வலது இறக்கை உண்டா? போன வாரம் பதில் வந்தது. ஒப்புதல் பெற்ற வரைபடத்தின்படி இரண்டு இறக்கைகள் பொருத்தப்பட்டுள்ளன. மேல்முறையீடு செய்வேன். நடைமுறை எனக்குத் தெரியும்.

இன்று காலை அந்தத் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் போட்ட பென்சில் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. திருப்பினேன். எழுத்துகள் எல்லாம் திரும்பிக்கொண்டன. யாருடைய மானமும் போகவில்லை. வலது இறக்கை அங்கேயே இருந்தது.