இரண்டு பக்கமும் திரும்பும் மோட்டார்

என் கணவர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. நான் பங்சாரில் ஒரு பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். கிள்ளானிலிருந்து தினமும் ஒரே மோட்டார் சைக்கிளில்தான் போய் வருகிறோம். அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார்ந்து கருத்துச் சொல்லுவேன்.

போன வருடம் ஒரு காலை, எங்கள் குடியிருப்பான தாமானை விட்டு வெளியே வந்ததும் பக்கத்துச் சந்திலிருந்து ஒரு கார் எங்கள்மேல் ஏறப் பார்த்தது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கி, "சாரி அண்ணே, தெரியவே இல்ல லா" என்றார். அடி ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் 'தெரியவே இல்ல' என் கணவரை உறுத்திவிட்டது. தொண்ணூறு கிலோ மனிதர். பின்னால் நான் வேறு.

இரண்டு நாள் வீடியோவாகப் பார்த்தார். மூன்றாம் நாள் சாப்பிடும்போது அறிவித்தார்.

"முன்னால இருக்கிற ரெண்டு சிக்னலையும் எப்பவும் மெல்லிசா எரிய வைக்கப் போறேன். திரும்பும்போது மட்டும் பளிச்சுன்னு அடிக்கும்."

"பெரிய லைட்டுதான் பகல்லயும் எரியுதேங்க?"

"ஒத்த லைட்டப் பாத்தா தூரத்துல வருதுன்னு நினைப்பான். மூணு இருந்தா, ஓ, ஆள் வராருன்னு தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிகோவில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தார். இரண்டு இழை உள்ள பல்புகள், புது ஹோல்டர்கள், என் தையல் கத்தரிக்கோல். மதியம் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் இரண்டு பக்கமும் அழகாக மஞ்சளாய் எரிந்துகொண்டிருந்தன. இடது சிக்னலைத் தட்டினார். இரண்டும் சேர்ந்து கண் சிமிட்டின. வலதைத் தட்டினார். அப்போதும் அப்படியே.

"ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல திரும்பப் போறோமா?" என்றேன்.

அவர் மறுபடி வீடியோ பார்த்தார். எர்த் ஒயரைப் பெயிண்ட் அடித்த இடத்தில் முடுக்கியிருந்தாராம். அதனால் கரண்ட் சுற்றிக்கொண்டு அடுத்த பக்கம் போகிறதாம். என் நகம் தேய்க்கும் அரத்தைக் கேட்டார். கொடுத்தேன். பெயிண்டைச் சுரண்டி மாட்டியதும் இடது இடதாகவும் வலது வலதாகவும் ஆயின. அன்று மாலை அந்த மோட்டாரை வாசலில் நிறுத்தி, எதிர்வீட்டு அங்கிள் வெளியே வந்து பார்க்கும்வரை அவர் உள்ளே வரவே இல்லை.

திங்கட்கிழமைதான் சோதனை தொடங்கியது. சிக்னலை அணைக்க மறந்தவருக்கு ஐந்து விரலையும் விரித்து மூடிக் காட்டுவது நம் ஊர் நல்ல பழக்கம். வழியில் எதிரே மோட்டாரில் வந்த ஆட்கள் எல்லோரும் அதைக் காட்டினார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் கை உயர்த்தி நன்றி சொன்னார். சிவப்பு விளக்கில் பக்கத்தில் நின்ற ஒரு மலாய்க்கார அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "பாங், சிக்னல் தாக் துதுப்" என்றார்; அண்ணன் சிக்னலை அணைக்கவில்லையாம். என் கணவர் தலைக்கவசக் கண்ணாடியைத் தூக்கி, இது சிக்னல் இல்லை, பகல் விளக்கு என்று மலாயில் விளக்க ஆரம்பித்தார். பச்சை விழுந்தது. அந்த அம்மா போய்விட்டார். பின்னாலிருந்து ஹார்ன் கேட்கும்வரை இவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் இப்படிச் சிரிப்பாகவே போனது. பிறகு ஒருநாள், இடது பக்கச் சந்தில் காத்திருந்த ஒரு வேன், நாங்கள் அந்தச் சந்துக்குள்தான் திரும்பப் போகிறோம் என்று நினைத்து வெளியே வந்துவிட்டது. அவர் பிரேக் பிடித்தார். என் தலைக்கவசம் அவருடையதில் டொக்கென்று மோதியது. வேனின் கதவுக்கும் எங்களுக்கும் ஒரு கை அகலம்தான் இருந்தது.

ஓரமாக நிறுத்தினார். இறங்கி முன்னால் போய் விளக்குகளைப் பார்த்தார். நானும்தான்.

"இந்த வாட்டி தெரிஞ்சிச்சு," என்றார் மெதுவாக. "தப்பாத் தெரிஞ்சிச்சு."

அன்றைக்கு நான் கேலி செய்யவில்லை. "அந்தப் பக்கம் நிக்கிறவருக்கு ஒரு லைட்டு மட்டும்தாங்க கண்ணுல படும்," என்று மட்டும் சொன்னேன்.

சனிக்கிழமை இருவரும் கிள்ளானில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் போனோம். அவர் ஒயர் வேலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கனெக்‌ஷன் எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு பாஸ். கலருதான் தப்பு. மஞ்சள் எரிஞ்சா சிக்னலுன்னுதான் நினைப்பாங்க. சும்மா போறப்ப வெள்ளை, சிக்னல் போட்டா மஞ்சள், அந்த மாதிரி பல்பு இருக்கு. மேல நிறமில்லாத கவர் போடணும்."

'சுத்தமாத்தான் இருக்கு' என்பதை என் கணவர் வழியெல்லாம் மூன்று முறை எனக்கு ஞாபகப்படுத்தினார். மறுநாள் அவரே உட்கார்ந்து மாற்றினார். அவர் கேட்காமலே அரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

திங்கட்கிழமை தூறல். யாரும் விரலை விரித்துக் காட்டவில்லை. கிளினிக் வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அஞ்சு நிமிஷம் இங்கயே நில்லு. சுத்திக்கிட்டு எதிர வரேன். எப்படித் தெரியுதுன்னு பாத்துச் சொல்லு," என்றார்.

எனக்கு ஏற்கெனவே நேரமாகியிருந்தது. இருந்தாலும் குடையோடு நின்றேன். வரிசையாக வந்த வண்டிகளுக்கு நடுவே அவர் தூரத்திலேயே தெரிந்தார். பெரிய விளக்கும், இரு பக்கமும் இரண்டு வெள்ளைப் புள்ளிகளும். நான் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினேன். முகமெல்லாம் சிரிப்பாக, என்னையே பார்த்துக்கொண்டு கடந்துபோனார். அந்தச் சந்தோஷத்தில் அடுத்த முனையில் சிக்னலே போடாமல் திரும்பினார்.