எனக்காக ஒரு ஜெபம்

இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் சூப்பர்வைசர். காலை ஷிப்டுக்கு ஓர் அம்மா வருவார். பொட்டில்லாத நெற்றி, ஒட்டிய கன்னம். ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டு நான் மறுத்ததிலிருந்து, மெஷின் முன் நின்றதும் தினமும் என்னை ஒரு பார்வை பார்ப்பார். பிறகு கண்ணை மூடி முணுமுணுப்பார். இரைச்சலில் ஒன்றும் கேட்காது. சாபம்தான் என்று நினைத்தேன்.

ஒருநாள் டீ நேரத்தில் கேட்டேவிட்டேன்.

"என்னம்மா, என்னைப் பாத்துப் பாத்து என்ன சொல்லுத?"

"ஜெபம் சார். உங்களுக்காகத்தான். ஒருநா விட்டாலும் மனசு கசந்துபோவுது."

"எனக்கெதுக்கு?"

"சத்துருக்களுக்காவும் ஜெபிக்கணும்னு வேதத்துல இருக்குல்லா," என்றார், சிரிக்காமல்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் வேறு மில்லுக்குப் போய்விட்டார். இன்னும் எனக்காக ஜெபிக்கிறாரா, மன்னித்து ஜெபத்தை விட்டுவிட்டாரா, தெரியவில்லை. இதில் எது எனக்கு நல்லது என்றும் தெரியவில்லை.