பவானிபூரில் பூந்திக்கொட்டை

ஜகதாம்பாள் கல்கத்தாவுக்குக் குடித்தனம் வந்தபோது அவளுடைய டிரங்குப் பெட்டியில் பாதி புடவை, பாதி பூந்திக்கொட்டை. ஹௌரா ஸ்டேஷனில் பெட்டியைத் தூக்கிய கூலிக்காரன், உள்ளே என்னவோ கடகடவென்று உருளுகிறதே என்று பயந்து இரண்டு தடவை இறக்கிவைத்துப் பார்த்தானாம். இது நடந்தது 1909இல். புருஷன் சுந்தரேசனுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. பவானிபூரில் ஒரு சந்துக்குள் கீழ்க்கட்டு வீடு. மாடியில் வீட்டுக்காரி நிஸ்தாரிணி, நாற்பது வயது வங்காளி விதவை. குடிவந்த வாரமே அவள் ஜகதாம்பாளுக்கு ‘திதி’, அதாவது அக்கா, ஆகிவிட்டாள்.

அப்போது பவானிபூரில் இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தனை பேருக்கும் ஒரே சித்தாந்தம், நல்ல சாமான் எதுவும் கல்கத்தாவில் கிடைக்காது என்பது. யார் லீவில் ஊருக்குப் போனாலும் மற்றவர்கள் ஜாபிதா எழுதிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அப்பளம், வடாம், பூந்திக்கொட்டை என்று மூட்டை மூட்டையாக ரயிலேறி வரும். இங்கே கிடைக்கிறதா என்று கடைத்தெருவில் விசாரித்த புண்ணியவான் ஒருவர்கூடக் கிடையாது. எல்லாரும் நன்றாகப் படித்தவர்கள்தான்.

ஜகதாம்பாளின் வீட்டில் சோப்பு நுழைந்தது இல்லை. சோப்பில் மாட்டுக் கொழுப்பு சேருகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அதோடு சரி. துணிக்குப் பூந்திக்கொட்டை. கொட்டையைத் தட்டி, விதையை எடுத்துவிட்டு, தோலை வெந்நீரில் ஊறப்போடுவாள். மறுநாள் காலையில் கையால் பிசைந்து பழைய வேஷ்டித் துண்டில் வடிகட்டினால் பழுப்பாக, நுரை நுரையாக வரும். பாத்திரத்துக்குப் புளிச்சக்கையும் சாம்பலும். நிலக்கரிச் சாம்பலால் தேய்த்து ஒரு நல்ல பித்தளைச் சொம்பைக் கீறிக்கொண்ட பிறகு, வாழைப்பட்டையைக் காயவைத்து எரித்துத் தனிச் சாம்பல் பண்ணிக்கொண்டாள். தரைக்கு வேப்பிலை கொதித்த தண்ணீர். வீட்டுக்கு வருகிறவர்கள் தரையைப் பார்த்துவிட்டுக் காலைக் கழுவிக்கொண்டுதான் உள்ளே வருவார்கள்.

1912இல் ஜலஜா பிறந்தாள். அதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. ஆகவே ஜலஜா தும்மினாலும் ஜகதாம்பாள் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அடுத்த வருஷம் மழைக்காலத்தில் பூந்திக்கொட்டை தீர்ந்துபோயிற்று. பாங்கியில் வேலையாயிருந்த மஹாதேவன் ஊருக்குப் போயிருந்தார். மூட்டை அவரோடு வரவேண்டும். அவரோ தங்கை கல்யாணம் தள்ளிப்போய்விட்டது, லீவை நீட்டியிருக்கிறேன் என்று கார்டு போட்டார். குழந்தையின் துணி குவிந்தது. வேறு வழியில்லாமல் சுந்தரேசன் கடையிலிருந்து சலவைச் சோடா வாங்கிவந்தார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தால் துணி வெள்ளை வெளேரென்று வந்தது. ஜகதாம்பாளுக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை நாள் எதற்குக் கை நோகப் பிசைந்தோம் என்றுகூட நினைத்தாள்.

பத்து நாளில் குழந்தையின் தொடையிலும் இடுப்பிலும் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பிற்று. திருஷ்டி என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். சிவப்பு புண்ணாகி, புண்ணில் நீர் கசிந்து, ஜுரமும் சேர்ந்துகொண்டது. ஜலஜா பால் குடிப்பதை விட்டுவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தார். குழந்தையைவிட அதிக நேரம் துணியைத்தான் முகர்ந்தும் தடவியும் பார்த்தார். சோடா காரம் முழுக்கத் துணியிலேயே நிற்கிறது, பச்சைக் குழந்தைத் தோல் தாங்குமா என்று கேட்டுவிட்டுக் களிம்பு கொடுத்தார். துணி இப்படியே இருந்தால் களிம்பு பிரயோஜனப்படாது, புண் உள்ளே இறங்கினால் பிறகு தன் கையில் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

ஜகதாம்பாள் இடிந்துபோய் உட்கார்ந்தாள்.

“நானே என் கையால கொழந்தை மேல நெருப்பை அள்ளிப் போட்டிருக்கேனே. வெள்ளையா இருக்கேன்னு சந்தோஷம் வேற பட்டேன்.”

சுந்தரேசன் விசிறியை எடுத்துக் குழந்தைக்கு வீசினார். ஊருக்கு அழைத்துப் போகலாமா என்றார். இந்த உடம்போடு மூன்று நாள் ரயிலா என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். ஜகதாம்பாள் துணியை வெறும் தண்ணீரில் அலசிப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கும் மூத்திர வாடையும் துணியை விடவில்லை, புண்ணும் ஆறவில்லை. ஜுரம் மட்டும் ஏறிற்று. இதுவும் போய்விடுமோ என்ற நினைப்பு வந்தபோதெல்லாம் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டாள்.

இதற்கு நடுவில் குழந்தை இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாண் வீக்கத்தில் இறுகிவிட்டது. கழற்ற வரவில்லை. நிஸ்தாரிணி பார்த்துவிட்டு, அடுத்த சந்தில் ஹாராதன் கர்மகார் என்று ஒரு தட்டான் இருக்கிறார், நிதானமான கை என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போனாள்.

ஹாராதனுக்கு ஐம்பது வயது இருக்கும். குழந்தையின் புண்ணைப் பார்த்ததும் உச்சுக்கொட்டினார். விரல் அகலத் தகட்டை அரைஞாணுக்கும் தோலுக்கும் நடுவே விட்டு, தோலில் படாமல் ஒரே வெட்டாக வெட்டி எடுத்தார். நல்ல தொழிலாளிக்கு அழுக்காக எதையும் திருப்பிக் கொடுக்க மனசு வருமா? அரைஞாணைப் பக்கத்திலிருந்த மண்சட்டியில் முக்கித் தூரிகையால் தேய்த்தார்.

சட்டியிலிருந்து ஒரு வாடை வந்தது. புளிப்பும் கசப்புமாக, பழம் கெட்டுப்போன மாதிரி. ஜகதாம்பாள் நிமிர்ந்தாள். சட்டியில் பழுப்புத் தண்ணீர், மேலே நுரை. அவள் கூச்சநாச்சம் இல்லாமல் சட்டிக்குள் கையை விட்டு, அடியில் கிடந்த தோலை எடுத்துக் கட்டைவிரலால் நசுக்கினாள். நுரைத்தது. தட்டான் திகைத்துப்போய்ப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கூடை நிறையப் பூந்திக்கொட்டை இருந்தது.

இங்கே அதற்கு ரீட்டா என்று பெயராம். தகப்பனார் காலத்திலிருந்து நகை கழுவ அதுதானாம். படாபஜாரில் எத்தனை மூட்டை வேண்டுமானாலும் கிடைக்குமாம். நான்கு வருஷமாக ஆயிரம் மைல் தாண்டி மூட்டை சுமந்துவந்த ஜாதி, அடுத்த சந்துக்கு நடந்து பார்க்கவில்லை.

அரைகுறை வங்காளியில், கையையும் காலையும் ஆட்டி, குழந்தைத் துணிக்கு என்று சொல்லி முடித்தாள். ஹாராதன் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. கூடையை அப்படியே தம் கம்ச்சாத் துண்டில் கொட்டி முடிச்சுப் போட்டு நிஸ்தாரிணி கையில் கொடுத்தார். அவருடைய அன்றைய வேலைக்குச் சட்டியில் இருந்ததுதான் மிச்சம்.

அன்று முதல் ஜகதாம்பாள் பிசைந்த பிசைவில் கை ரேகையே தேய்ந்திருக்கும். துணியை வடிகட்டின தண்ணீரில் ஊறவைத்து, ஐந்து தண்ணீர் அலசி, மழைக்குப் பயந்து அடுப்பு மேலே கொடி கட்டி உலர்த்தினாள். மூன்றாம் நாள் ஜுரம் விட்டது. ஐந்தாம் நாள் ஜலஜா பாலுக்கு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு ஜகதாம்பாள் சிரித்துக்கொண்டே அழுதாள். மாதம் முடிவதற்குள் தோல் மூடிவிட்டது.

மஹாதேவன் புரட்டாசியில் வெற்றி வீரராக மூட்டையோடு வந்து இறங்கினார். அவரிடம் விஷயத்தைச் சொல்ல சுந்தரேசனுக்கு மனம் வரவில்லை. பின்னால் பவானிபூர்த் தமிழ் வீடுகளில் எங்கே குழந்தை பிறந்தாலும் முதல் சொம்புப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் ஜகதாம்பாள் வீட்டிலிருந்துதான் போகும் என்று ஆயிற்று. அதெல்லாம் பிற்பாடு.

ஜுரம் முற்றியிருந்த நாட்களில் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வெள்ளியில் குழந்தை உரு செய்து போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். அதை ஹாராதனிடமே செய்யக் கொடுத்தாள். தகட்டில் குழந்தை உருவம் தட்டி அவர் அதற்கு முன் செய்ததில்லை. வாங்கிக்கொள்ளப் போன அன்று ஜலஜாவையும் இடுப்பில் எடுத்துக்கொண்டாள். நிஸ்தாரிணியும் கூட வந்தாள். உரு விரல் நீளத்தில், கையை விரித்துச் சிரிக்கிற குழந்தையாக வந்திருந்தது. யாருக்கு இது என்று அவர் கேட்டார். எங்கள் ஊர் வைத்தியநாதனுக்கு, குழந்தையைப் பிழைக்க வைத்ததற்கு என்றாள். அவர் ஜலஜாவின் சட்டையை மெல்லத் தூக்கி இடுப்பைப் பார்த்தார். தழும்பு இல்லை. தெய்வம் பெரியது என்று கையைக் கூப்பினார்.

ஜகதாம்பாள் குழந்தையை அவர் மடியில் வைத்தாள். உருவைத் தரையில் வைத்துவிட்டு, தெருவே பார்க்க, அந்தத் தட்டாசாரிக்கு விழுந்து நமஸ்காரம் பண்ணினாள்.

ஹாராதன் பதறிப்போனார். மடியில் குழந்தை இருந்ததால் எழுந்திருக்கவும் முடியவில்லை. பிராம்மணப் பெண் என் காலில் விழலாமா, எனக்குப் பாவம் வந்து சேரும் அம்மா என்று கெஞ்சினார். ஜகதாம்பாளுக்கு வங்காளி வார்த்தை ஒன்றும் வரவில்லை, தமிழிலேயே சொன்னாள்.

“கோயில் தூரத்துல இருக்கு. அதுக்கு உரு போறது. கொழந்தையப் பொழைக்க வச்ச கை இங்க இருக்கு. அதுக்கு நான் வேற என்ன பண்ணுவேன்?”

அவருக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. வந்த பாவத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்போல, ஜலஜாவின் பாதம் இரண்டையும் எடுத்துத் தம் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழந்தை அவர் மூக்கைப் பிடித்து இழுத்தது. அவர் இழுக்கவிட்டு உட்கார்ந்திருந்தார்.