நரம்பு என்று நான் சொன்னது

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா ஸாலிஹாவின் மாப்பிள்ளை முனீப் மச்சான், கிண்ணியாவில் வீச்சு வலைக்காரர். இடுப்பளவு தண்ணீரில் காலைச் சேற்றில் ஊன்றி அவர் வீசினால், வலை தட்டுப்போல வட்டமாக விழும். வாய் திறந்து கதைக்க மாட்டார். வீட்டில் ராத்தா தனியாகவே சண்டை பிடித்துத் தனியாகவே சமாதானமாவாள்.

போன வருஷம் மாசியில், வலையோடு நின்றவரின் வலது தொடைப் பின்பக்கத்தைப் பக்கத்தால் போன படகின் எஞ்சின் விசிறி கிழித்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு நானும் ஓடினேன். டொக்டருக்குச் சிங்களம்தான், தமிழ் வராது. நான் சீனன்குடாவில் ஸ்டோர் வேலை செய்பவன், சிங்களம் தண்ணீர்பட்ட பாடு என்று ஊரெல்லாம் பீற்றித் திரிந்தவன். காயத்தைத் தைத்த பிறகு டொக்டர் ஸ்கேன் வைத்துப் பார்த்து, “லே நஹர” நல்லாயிருக்கிறது என்றார். இரத்தக் குழாய். எங்கள் பேச்சிலோ ஊசி ஏற்றுவதும் நரம்பில்தான், சுண்டி இழுப்பதும் நரம்புதான்.

“மச்சான், நரம்பெல்லாம் நல்லாருக்காம். ஒண்டும் அறுபடல்லயாம்” என்றேன்.

டொக்டர் அதோடு நிறுத்தவில்லை. பாதத்தைத் தொட்டுக் காட்டி இன்னும் ஏதோ சொன்னார். “ஸ்நாயு” என்று ஒரு சொல் வந்தது. எனக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்க வெட்கம். பெரிய மனிதனைப் போலத் தலையாட்டினேன்.

காயம் ஆறியது. பாதம் மட்டும் தூக்க முடியாமல் தொங்கியது. செருப்பு கழன்று விழுந்தாலும் அவருக்குத் தெரியாது. ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி நச்சரிப்பாள். “நரம்பு நல்லாருக்கெண்டு சொன்னாங்கதானே, தன்னால வரும்” என்று மச்சான் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். சேற்றில் இறங்கி இரண்டு தரம் விழுந்தார். ஒன்றரை வருஷம் அப்படியே போனது.

கடைசியில் ராத்தாவின் அழுகை பொறுக்காமல் நான்தான் திருகோணமலைக்குக் கூட்டிப்போனேன். டொக்டர் கீர்த்தனி, தமிழ்ப் பிள்ளை. மச்சானைக் குப்புறப் படுக்க வைத்து, தொடையில் குளிர்ந்த களிம்பு பூசி, ஸ்கேன் கருவியை மேலிருந்து மெல்ல இறக்கினார். திரையில் தேன்கூட்டுத் துண்டுபோல ஒன்று தெரிந்தது.

“இதுதான் காலுக்குப் போற பெரிய நரம்பு. உணர்ச்சியும் அசைவும் இதாலதான் போகுது” என்றார். கருவி தழும்பை நெருங்கியதும் தேன்கூடு திரண்டு முடிச்சானது. அதற்குக் கீழே இரண்டு விரலகலத்துக்கு ஒன்றுமில்லை.

“அறுந்திருக்கு. ஏன் இவ்வளவு நாள் வரேல்லை? முதல் மாசங்களில வந்திருந்தா தைச்சிருக்கலாம். இப்ப தசை செத்துப்போச்சு, பாதத்தைத் தூக்க ஏலாது.”

“நரம்பு நல்லாருக்கெண்டு சொன்னவங்க” என்றார் மச்சான்.

“பழைய ரிப்போர்ட்டில இருக்கு, அண்டைக்குப் பார்த்தது இரத்தக் குழாயை ஐயா. ஆர் உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?”

நான் கட்டிலருகில் நின்றேன். அன்று பாதத்தைத் தொட்டுச் சொன்ன “ஸ்நாயு” இந்த நரம்புதான் என்று அப்போதுதான் விளங்கியது. மச்சான் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“ஞாபகமில்ல டொக்டர்” என்றார்.

கிண்ணியாப் பாலம் கடந்து வீடு வந்தோம். ராத்தா வாசலிலேயே நின்றாள். வந்ததும் என் கையைப் பிடித்து, “என்ன சொன்னாங்க, நீ சொல்லு” என்றாள். எதையும் விளக்கிச் சொல்ல எங்கள் வீட்டில் என்னைத்தானே கேட்பார்கள்.

மச்சான்தான் கதிரையில் உட்கார்ந்தபடி சொன்னார்:

“அண்டைக்கே அறுந்து போச்சாம் புள்ள. அப்பவே வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்க ஏலாதாம்.”

ராத்தா முந்தானையால் முகத்தைப் பொத்தி அழுதாள். பிறகு எழும்பிப் போய், “நீயும் அலைஞ்சு களைச்சிட்டாய், இரு” என்று எனக்கும் சோறு போட்டாள். நான் சாப்பிட்டேன்.