கையால் கழற்ற முடியாத நட்டு

ஊர்க்காரர்கள் கார் நிறுத்தும் கொட்டகைகள் நீளும் எங்கள் கராஜ் வரிசையில் காரை மெக்கானிக்கிடம் விடுவது, வீட்டில் சோறிருக்கப் பிள்ளையை ஊரார் வீட்டுக்குச் சாப்பிட அனுப்புவது மாதிரி. தப்பென்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் குளிர்காலம் முழுக்க அதையே பேசுவார்கள். பேச ஆரம்பிக்கும் முதல் ஆள் சவேலிச்.

அவர் முழுப்பெயர் அர்ஹீப் சவேலியெவிச். அவருடைய அப்பா பெயரை வைத்து சவேலிச் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைவிடக் கராஜில்தான் அதிகம் இருந்தார். வழியில் ஃபேன் பெல்ட் அறுந்துபோக, மனைவியின் நைலான் காலுறையை முறுக்கிக் கட்டி வீடு வந்து சேர்ந்த கதையை எங்களுக்கு எத்தனை முறை சொல்லியிருப்பாரோ. கதையில் தூரம் மட்டும் வருடா வருடம் கூடிக்கொண்டே போகும்.

சவேலிச்சுக்குப் பக்கத்து கராஜ் வேன்யா ஒருமுறை காரை நகரத்தில் ஒரு கடையில் விட்டுச் சரிசெய்து வந்தார். மறுநாள் அவர் கராஜ் கதவில் பச்சைக் குழந்தை வாயில் வைக்கும் ரப்பர் ஒன்று தொங்கியது. கட்டியது சவேலிச்.

பல வருடம் வெளியே சுற்றிவிட்டு நான் ஊர் திரும்பியிருந்த இலையுதிர் காலம் அது. அதற்குள் மறுபடி எங்காவது கிளம்பச் சொல்லிக் கால் அரிக்க ஆரம்பித்துவிட்டது. வீட்டில் உட்கார முடியாமல்தான் அந்தச் சனிக்கிழமை அப்பாவோடு கராஜுக்குப் போனேன். பனியில் வழுக்காத குளிர்கால டயரை எல்லோரும் மாற்றும் நாள். அன்றைக்கு ஒருவர் சக்கரத்தை அடுத்த கராஜ்காரர்தான் கழற்றுவார். தன் காரில் தானே யாரும் கை வைப்பதில்லை. எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. நெருப்பில் வைத்த தகரத்தின் மேல் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. சவேலிச்சின் கதவு மட்டும் சாத்தியிருந்தது, அடியில் வெளிச்சம் தெரிந்தது.

வேன்யா கதவைத் தட்டினார். "சவேலிச், உள்ள உசிரோட இருக்கீங்களா?"

"பல்லு வலி. எனக்கு இன்னிக்கு வேணாம்."

"வலி உங்க பல்லுக்குத்தானே. கார் என்ன பண்ணுச்சு?" என்று சொல்லிக்கொண்டே வேன்யா கதவைத் தள்ளி ஜாக்கியோடு உள்ளே போய்விட்டார்.

ஸ்பேனரைப் போட்டு இழுத்தார். நட்டு அசையவில்லை. ஸ்பேனர் மேலேயே ஏறி நின்றார். அப்பா ஒரு நீளக் குழாயைக் கொண்டுவந்து ஸ்பேனரில் செருகி இருவருமாக அழுத்தினார்கள். அப்போதுதான் ஒரு கிரீச்சென்ற சத்தத்தோடு இளகியது.

வேன்யா கையைத் துடைத்துக்கொண்டு நட்டைக் குனிந்து பார்த்தார். "இது மனுசன் முறுக்கினது இல்ல. கடையில இருக்கற காத்து மெஷின் முறுக்கினது."

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"எந்தக் கடை சவேலிச்? சோபால உக்கார வச்சாங்களா?"

"காப்பியாவது குடுத்தாங்களா, இல்ல அதையும் வீட்டுல இருந்தே கொண்டு போனீங்களா?"

"அந்த ரப்பரப் பத்திரமா வச்சிருக்கேன்," என்றார் வேன்யா. "இருங்க, ஓடிப் போய் எடுத்துட்டு வரேன்."

நானும் சிரித்தேன். சவேலிச் கழுத்து வரைக்கும் சிவந்திருந்தார், ஆனால் பார்வை எங்கள் மேல் இல்லை. வரிசையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் ஜீனாவின் கார் நுழைந்தது. சவேலிச்சுக்கு மறுபக்கத்து கராஜ் அவளுடையது. ஆம்புலன்ஸ் அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவள், வீட்டில் தனியாள். அவள் கார் வேலையெல்லாம் சவேலிச்தான் செய்து கொடுப்பார்.

"இந்தத் தடவை உங்களுக்கு வேலை மிச்சம் சவேலிச்," என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். "போன வாரம் மருமகன் வந்தப்பவே டயர் மாத்திட்டான். மகளுக்கு நாள் நெருங்கிடுச்சு. ஜாம் பாட்டிலை எடுத்துக்கிட்டு இப்பவே மலை தாண்டி அவ வீட்டுக்குப் போறேன்."

அவள் தன் கராஜுக்கு அடியிலிருந்த நிலவறையிலிருந்து பாட்டில் பெட்டியைத் தூக்கி வரும்வரை அவர் அப்படியே நின்றார். அவள் சாவியை எடுத்ததும் குறுக்கே போய் நின்றுகொண்டார்.

"ஜீனா, வண்டிய எடுக்காத. முன் சக்கரத்தக் கழட்டணும்."

"இப்பத்தானே மாட்டிருக்கு?"

"பிரேக்கப் பாக்கணும்." அவர் தொண்டையைச் செருமினார். "என் வண்டில பிரேக்கப் பிடிச்சிருக்கற போல்ட் ஒண்ணு ரோட்டுல கழண்டு விழுந்துடுச்சு. விரலால திருகி வச்சிட்டு முறுக்க மறந்திருக்கேன். அதுக்கப்புறம் எனக்கு என் கைமேல நம்பிக்கை இல்ல. அதான் கடைக்குப் போனேன். உன் பிரேக்கும் அதே வாரம்தான் போட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் ஜீனா.

"கெழங்கு தோண்டற சமயத்துல. ஒரு மாசம் இருக்கும்."

"அதுக்கப்புறம் நான் எத்தனையோ தடவை மலை தாண்டிட்டு வந்துட்டேன் சவேலிச். போன வாரம் மருமகனையும் கூட்டிட்டுப் போனேன்."

"இன்னிக்கு உன் சக்கரம் நான்தானே கழட்டுவேன், அப்பப் பாத்துக்கலாம்னு இருந்தேன். யாருக்கும் தெரியாம."

கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அவருக்கே அது கேட்டிருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பா ஜாக்கி போட்டு முன் சக்கரங்களைக் கழற்றினார். இடது பக்கத்து பிரேக் போல்ட்டுகள் கெட்டியாக இருந்தன. வலது பக்கத்தில் அடி போல்ட்டை அப்பா இரண்டு விரலால் தொட்டுத் திருப்ப, அது சுலபமாகச் சுழன்றது. அவர் தள்ளி உட்கார்ந்து, ஜீனா பார்க்க இடம் விட்டார். அவள் குனிந்து தானும் ஒருமுறை திருப்பிப் பார்த்தாள்.

சவேலிச் ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினார்.

"நீங்க வேணாம்," என்றாள் ஜீனா.

அப்பா முறுக்கினார். வேன்யா விளக்குப் பிடித்தார். நான்கு சக்கரத்திலும் ஒவ்வொரு போல்ட்டாகச் சரிபார்த்து முடிக்கும்வரை சவேலிச் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் சுவரோரம் நின்றார். "டீ குடிக்கறீங்களா?" என்று கேட்டேன். காதில் விழாதவர் போல இருந்தார். அவரைப் பார்த்து நான் சிரித்தது நினைவுக்கு வந்து, கோப்பைத் தேநீரை நானே குடித்துத் தீர்த்தேன்.

ஜீனா காரின் மறுபக்கக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"வழியில ஏதாவது சத்தம் கேட்டா சொல்றதுக்கு. இந்தத் தடவை உடனே சொல்லுங்க."

"சாயங்காலம் எப்படித் திரும்பறது?"

"பஸ் இருக்கு."

அவர் கிரீஸ் படிந்த மேல்சட்டையைக் கழற்றி உட்புறம் வெளியே தெரியத் திருப்பி இருக்கையில் விரித்து, அதன்மேல் உட்கார்ந்தார். ஜீனா ஜாம் பெட்டியை அவர் மடியில் வைத்தாள். கார் வாசலைத் தாண்டும்வரை அவர் இறுக முறுக்கிய அந்தப் பாட்டில் மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.