ஏழுமலை அண்ணனின் மூன்று கோடு

ஏழுமலை அண்ணன் போய்விட்டார் என்று ஒரு தபால் கார்டு சொன்னது. நான் நம்பவில்லை. முத்திரையைப் பார்த்தேன், உத்திரமேரூர்தான். கையெழுத்தைப் பார்த்தேன், அவருடைய மூத்த மகன் கையெழுத்து போல இருந்தது. "போல" என்பது எனக்குப் போதவில்லை. மாற்றலாகி வந்திருக்கும் இந்த ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். அவர் மனைவியின் நெற்றியைப் பார்த்த பிறகுதான் அழுதேன். இந்தப் புத்தியை எனக்கு ஒட்டவைத்தவரே அவர்தான். அதனால் தப்பாக நினைத்திருக்கமாட்டார்.

அவரோடு சைக்கிள் மிதித்த உங்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஐம்பதுகளின் கடைசியில் அவர் எங்கள் பிளாக் ஆபீசில் கிராம சேவக், நான் கிராம சேவிகா. அவர் விதைநெல், உரம் என்று கழனி கழனியாகப் போவார். நான் பெண்களிடம் கீரையும் முட்டையும் பற்றிப் பேசப் போவேன். ரோடு ஓவர்சியர் வரதராஜன், அம்மை குத்தும் தேவராஜ் இரண்டு பேரையும் சேர்த்தால் நாங்கள் நாலு சைக்கிள். தினமும் காலையில் பஜாரில் காசிம் பாய் கடையில் காற்றடிக்க நிற்போம். காற்றடிக்க இரண்டு நிமிஷம், சண்டைக்கு அரைமணி.

எதற்குக் காசு போடலாம், எதற்குப் போடக்கூடாது என்பதுதான் சண்டை. வரதராஜன் மினுக்கு ஆசாமி. மெத்தை சீட், முழு செயின் கவர், இரட்டை பெல், எல்லாம் அவர் வண்டியில் இருக்கும். ஏழுமலை அண்ணனுக்கு டயரும் பிரேக் கட்டையும் தவிர மற்றதெல்லாம் கண்துடைப்பு. "செயின் கவர் போட்டா உள்ள செயின் துரு புட்சிக்கினு கீறது யாருக்குத் தெரியும்? மூடி வெச்சா அழுக்கு போயிடுமா?" என்பார். நான் வாங்கிய லேடீஸ் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்து, "மொதல்ல பின்சக்கரத்துக்கு வலை கட்டும்மா. பொடவ மாட்னா பெல் அடிச்சி இன்னா புண்ணியம்?" என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டேன்.

அவர் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. "விக்கிறவன் சொல்றதயும் நம்பாத, வாங்கனவன் சொல்றதயும் நம்பாத. ஏமாந்தவன் எவனும் ஏமாந்தேன்னு ஒத்துக்கமாட்டான்." காசிம் பாய் ஓவர்ஹால் செய்யும்போது பக்கத்தில் ஒரு பெட்டியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். பின்சக்கரத்திலிருந்து பதினெட்டு பேரிங் குண்டு வெளியே வந்தால் பதினெட்டும் உள்ளே போகிறதா என்று எண்ணுவார். "பேஜார் பண்ணாதீங்க சார், ஒங்க குண்ட துன்னுட்டா நானு வூடு கட்டப்போறேன்?" என்று பாய் அலுத்துக்கொள்வார். அண்ணன் பதில் சொல்லமாட்டார், எண்ணிக்கை தவறிவிடுமே.

ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்து, சைக்கிள் சாமான் ஒவ்வொன்றின் அடிப்பக்கத்திலும் மூன்று கோடு இழுத்துவைக்கச் சொன்னார். இரண்டு நேர்க்கோடு, ஒரு சாய்வுக்கோடு. "பாய் நல்லவன்தான். இருந்தாலும் ரிப்பேருக்கு விட்டா சாமான் மாறும். இந்தக் குறி ஒனக்கும் எனக்கும்தான் தெரியும். எவன் கிட்டயும் சொல்லிடாத" என்றார். கர்த்தர்மேல் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். நானும் பெருமையாக உட்கார்ந்து, பெடல் முதல் பெல் வரை கோடு இழுத்தேன்.

அடுத்த சண்டை டைனமோ பற்றி. காவாந்தண்டலம் பக்கம் போய்விட்டு ஏரிக்கரை வழியாகத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். மண்ணெண்ணெய் விளக்கு அந்தக் காற்றில் பத்தடிக்கு ஒருதரம் அணையும். வரதராஜன் டைனமோ போட்டிருந்தார், எனக்கும் ஆசை. அண்ணன் கூடவே கூடாது என்றார். "டயர புட்சி இழுக்கும். வெளிச்சத்துக்கு ஒன் முட்டிதான் எண்ணெய்." நான் கேட்கவில்லை. காஞ்சிபுரத்தில் ஒரு பழைய சாமான் கடையில் மணிக்கணக்காகப் பேரம் பேசி ஒன்று வாங்கினேன். ரசீது கேட்கத் தோன்றவில்லை. வாங்கிய அன்றே மூன்று கோடு மட்டும் இழுத்துவிட்டேன்.

சரியாக அந்த வாரம் வரதராஜன் டைனமோ காணாமல் போனது.

ஆபீஸ் வாசலில் என் சைக்கிளைப் பார்த்தவர் குனிந்து டைனமோவின் அடியில் தடவினார். முகம் மாறிப்போனது. "இது என்னோட குறி. என் கையால போட்டது" என்றார். காஞ்சிபுரத்தில் பழைய சாமான் கடையில் வாங்கியது என்றேன், அவர் கேட்கவில்லை. சத்தியத்தை மீறி, இந்தக் குறியை எனக்குச் சொல்லித் தந்தது ஏழுமலை அண்ணன் என்றேன். "எனக்கு மட்டும்தான் சொன்னாரு" என்றார் வரதராஜன். எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார், டைனமோவைப் பார்த்தார். "நாளன்னிக்கி சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயேவிட்டார்.

நான் எந்தக் குடும்பம் என்பது உங்களுக்குத் தெரியும். என் அம்மா அப்போதும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் காலனியிலிருந்து உத்தியோகத்துக்குப் போன முதல் ஆள் நான். காணாமல் போன சாமான் என் வண்டியில் இருக்கிறது என்றால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மூன்று நாளில் விளக்கம் எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேலையை மறந்துவிடு என்றார் ஆபீசர். இரண்டு நாள் காகிதத்தை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருடவில்லை என்று எத்தனை விதமாக எழுதினாலும் திருடியவள் எழுதியது போலவே இருந்தது. அந்த இரண்டு நாளும் வரதராஜன்மீதுகூட எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. வாயைத் திறக்காமல் போன அண்ணனைத்தான் மனசார வைதேன். ஒரே ரகசியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாரோ, குட்டு வெளிப்பட்டுவிடும் என்று ஒளிகிறார் என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலையில் வந்தார். கண் சிவந்து, வேட்டி முழங்கால் வரை புழுதி. காசிம் பாயையும் கையோடு அழைத்துவந்திருந்தார். நாலு சைக்கிளையும் ஆபீஸ் வாசலில் தலைகீழாகக் கவிழ்த்தார். பெடல், பெல், பிரேக் என்று ஒவ்வொன்றாக ஆபீசருக்குக் காட்டினார். தேவராஜ் வண்டியிலும் அதே மூன்று கோடு. எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாக, தனித்தனிச் சத்தியம் வாங்கிக்கொண்டு சொல்லியிருக்கிறார். வரதராஜனும் தேவராஜும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. காசிம் பாய்தான் முதலில் சிரித்தார். "இந்தக் கோடு எல்லார் வண்டிலயும் கீது சார். நானு கம்பெனி முத்திரைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்?"

அண்ணன் சிரிக்கவில்லை. "தப்பு என்னுது சார்" என்று ஆபீசரிடம் சொன்னார். பிறகு, காஞ்சிபுரத்துப் பழைய சாமான் கடைக்காரனைத் தேடிப் பிடித்ததாகச் சொன்னார். லேடீஸ் சைக்கிளில் வந்து, டைனமோவைச் சுற்றவைத்துச் சுற்றவைத்துப் பார்த்து உயிரை வாங்கிய அம்மாளை அவன் மறந்திருக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன். பக்கத்துக் கடைக்காரரை எழுதச் சொல்லி, கீழே அவன் கைநாட்டு வாங்கிவந்திருந்தார். ஆபீசர் அதைப் படித்துவிட்டு, என் விளக்கம் வேண்டாம் என்றார். வரதராஜன் டைனமோ எங்கே போனது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் காசிம் பாய் கடையில் அவரைப் பிடித்துக்கொண்டேன். "நாலு பேருக்கும் ஒரே குறின்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ரெண்டு நாள் செத்துப் பொழச்சிருக்க வேணாமே அண்ணா. வெக்கமா இருந்துதா?"

அவர் சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"வெக்கம் இன்னாம்மா வெக்கம். குறி ஒண்ணுன்னா நீ எடுக்கலன்னு ஆயிடுமா? நீ எடுத்திருப்பியோன்னு எனக்கு சந்தேகம்தான். அது தெரியாம ஒனக்காவ இன்னான்னு நான் வாயத் தொறக்கறது? அதான் போய்க் கேட்டுக்கினு வந்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். பத்து நாள் அவரோடு பேசவில்லை.

அந்தப் பத்து நாளில் ஆபீசில் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். தேவராஜ் வந்தார், குமாஸ்தா வந்தார், கடைசியில் வரதராஜனே வந்தார். எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "நான் அப்பவே நம்பல ஞானம்மா, நீயாவது எடுக்கறதாவது." பதினோராம் நாள் நானாகப் போய் அண்ணனிடம் பேசினேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவர் என்மேல் பட்ட அந்தச் சந்தேகத்தைத்தான். ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். என்னை நம்பினோம் என்றவர்களில் ஒருவர்கூட அந்த மூன்று நாளில் எனக்காக இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. சந்தேகப்பட்டவர்தான் வழியிலிருந்த ஆற்று மணலில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு காஞ்சிபுரம்வரை போனார்.